இருந்தவர்களும் இருந்ததாகச் சொல்பவர்களும்

பங்க் இசை பற்றி இந்தியப் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் வாசிக்கப்படும் கட்டுரைகளுக்குப் பிடித்தமான தொடக்கம் ஒன்று உண்டு. 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டர் நகரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு வாசித்தது. பார்த்தவர்கள் ஏறத்தாழ நாற்பது பேர். பஸ்காக்ஸ், ஜாய் டிவிஷன், தி ஸ்மித்ஸ் என்று அந்நகரின் பிற்கால இசை வரலாற்றில் பாதி, அந்தச் சிறு கூட்டத்தில் இருந்தவர்களிடமிருந்து கிளைத்தது. தாமும் அங்கே இருந்ததாகப் பின்னாளில் சொன்னவர்களோ ஆயிரக்கணக்கானோர் என்பது அந்நகரத்தாரே சொல்லிச் சிரிக்கும் செய்தி. உண்மையில் யார் யார் இருந்தார்கள் என்பதைத் துப்பறியும் வேலையாகவே மேற்கொண்டு டேவிட் நோலன் என்ற பத்திரிகையாளர் ஒரு முழு நூலை எழுதினார். நாற்பது பேர் கண்ட ஒரு மாலைப்பொழுதுக்கு ஒரு நூல்.

1990 பிப்ரவரியில் ஹைதராபாத்தின் நிஜாம் கல்லூரி மைதானத்தில் கத்தர் மேடையேறினார். 1985 முதல் தலைமறைவாக இருந்தவர், சென்னா ரெட்டி அரசு கெடுபிடிகளைத் தளர்த்திய குறுகிய இடைவெளியில் வெளியே வந்து பாடிய கூட்டம் அது. இரண்டு லட்சம் பேர் திரண்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இத்தகைய கணக்குகளை நடத்தியவர்கள் பெருக்கியும் காவல்துறையினர் சுருக்கியும் சொல்வது உலக இயல்பு. ஆகவே பாதியை விட்டுவிடலாம். எஞ்சிய லட்சம் பேர் அன்று கண்டதும் கேட்டதும் உடம்பில் உணர்ந்ததும் எந்த நூலில் இருக்கின்றன? அவர்களிடம் கேட்ட ஆய்வாளர் யார்?

மான்செஸ்டருக்கும் ஹைதராபாத்துக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிக்கையோடு நிறுத்திவிட முடியாது. மான்செஸ்டரில், இல்லாதவர்கள் இருந்ததாகச் சொன்னார்கள். சொல்வதால் மதிப்புக் கூடியது. ஹைதராபாத்தில், இருந்தவர்கள் இருந்ததைச் சொல்லாமல் இருக்கப் பழகினார்கள். சொன்னால் ஆபத்து வந்தது. 1992இல் மக்கள் யுத்தக் கட்சியும் அதன் துணை அமைப்புகளும் தடை செய்யப்பட்டன. அதன் பிறகு ஒரு வீட்டில் பாட்டுப் புத்தகம் இருப்பதே விசாரணைக்குக் காரணமாகலாம் என்று மக்கள் அஞ்சிய ஆண்டுகள் தொடர்ந்தன. ஒரு கலைஞனின் ரசிகர்கள் தங்கள் ரசனையை மறைத்து வைக்க வேண்டியிருந்த அந்தக் காலத்தின் வரலாற்றை, ‘சான்றுகள் கிடைக்கவில்லை’ என்ற ஒற்றை வரியில் கடந்துபோகிறது ஆய்வுலகம். சான்றுகள் பஷீர்பாக்கிலும் ஆல்வாலிலும் ஆட்டோ ஓட்டிக்கொண்டும் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றுகொண்டும் இருக்கின்றன.

இளைய மாணவர்களுக்காகச் சில செய்திகள். கத்தரின் இயற்பெயர் கும்மடி விட்டல் ராவ். மேடக் மாவட்டத்துத் தூப்ரானில் பிறந்த தலித். காலனி ஆட்சியை எதிர்த்த கதர் கட்சியின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டவர். சில காலம் கனரா வங்கியில் எழுத்தர். திரைப்பட இயக்குநர் பி. நரசிங்க ராவோடு சேர்ந்து கலைப்பணியைத் தொடங்கியவர். 1972இல் உருவான ஜன நாட்டிய மண்டலியின் முகமானவர். கௌதம் கோஷ் இயக்கிய ‘மா பூமி’ (1979) படத்தில் தோன்றிப் பாடியபோது தெலுங்கு நிலம் முழுவதும் அவரை அறிந்தது. 1997 ஏப்ரல் 6 அன்று அவர் வீட்டிலேயே சுடப்பட்டார். ஒரு குண்டு இறுதிவரை உடலிலிருந்து அகற்றப்படவில்லை. 2023 ஆகஸ்ட் 6 அன்று மறைந்தார்.

அவரை ‘இந்தியாவின் பங்க்’ என்று அழைக்கும் சொற்றொடர் அவ்வப்போது தலைகாட்டுகிறது. அது பிழையான சொற்றொடர். பங்க் பாடகன் எதிர்காலம் இல்லை என்று கத்தினான். ஜன நாட்டிய மண்டலி எதிர்காலம் உறுதி என்று பாடியது. பங்க் குழு எவருக்கும் கட்டுப்படாததைத் தன் பெருமையாகச் சொன்னது. மண்டலி ஒரு கட்சியின் பண்பாட்டு அணியாக, அதன் ஒழுங்குக்குள் இயங்கியது. ஆனால் ஓரிடத்தில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. இரண்டிலும் கலை நிகழ்ந்த இடம் இசைத்தட்டோ ஒலிநாடாவோ அன்று. மேடைக்கும் கூட்டத்துக்கும் இடையிலிருந்த சில அடித் தூரம். மூன்று சுரம் தெரிந்தால் நீயும் மேடையேறலாம் என்ற செய்தி லண்டன் இளைஞனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, அதனினும் ஆழமாக, உன் தாய் நாற்று நடும்போது முனகிய மெட்டே மேடைக்குரியது என்ற செய்தி தெலங்கானாவின் கூலி வீட்டுப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சேர்க்கை நிகழ்ந்ததா, எப்படி நிகழ்ந்தது என்பதைப் பார்வையாளரைத் தவிர வேறெவரும் சொல்ல இயலாது.

இங்கேதான் கல்விப்புலத்தின் மீதான குற்றச்சாட்டு தொடங்குகிறது. பண்பாட்டு ஆய்வு என்ற பெயரில் இறக்குமதியான முதல் நூல்களுள் ஒன்று டிக் ஹெப்டிஜ் 1979இல் எழுதிய உட்பண்பாடு பற்றிய நூல். ஊக்கும் கிழிந்த சட்டையும் என்ன பொருள் தருகின்றன என்று அழகாகப் படித்துக் காட்டிய நூல்தான். ஆனால் அந்தச் சட்டையை அணிந்தவர்களிடம் அது பேசவில்லை என்று பிரிட்டனிலேயே விமர்சனம் எழுந்தது. பெண்கள் எங்கே என்று ஏஞ்சலா மெக்ராபி 1980இலேயே கேட்டார். அங்கே நூலும் வந்தது; மறுப்பும் வந்தது; மறுப்பை ஏற்று ஆய்வுமுறையும் மாறியது. இந்தியாவுக்கு நூல் மட்டும் வந்து சேர்ந்தது. ஆகவே குறியியல் வாசிப்பு என்ற கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, கத்தரின் கம்பளியையும் கோலையும் சிவப்புத் துண்டையும் காலில் கட்டிய சலங்கையையும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவற்றைக் கண்டவர்களைப் படிப்பார் இல்லை.

தமிழ்த் துறைகளும் தெலுங்குத் துறைகளும் இந்தக் குறியியல் வரைகூடப் போகவில்லை. ‘இன்னார் பாடல்களில் சமுதாயச் சிந்தனைகள்’ என்ற வார்ப்பு ஒன்று இருக்கிறது. இன்னார் என்ற இடத்தில் பெயரை மாற்றினால் போதும். இயல் பகுப்பு முன்னமே ஆயத்தமாக இருக்கும். வறுமை, சாதி, பெண், இயற்கை, முடிவுரை. பாடலை அச்சிட்ட தாளிலிருந்து மேற்கோள் எடுத்து, அதன் பொருளையே உரைநடையில் மீண்டும் எழுதி, பட்டம் பெறலாம். கத்தரின் பாடலைத் தாளில் படிப்பது, சாமியாட்டத்தைப் பஞ்சாங்கத்தில் படிப்பதற்குச் சமம்.

தாளிலும் ஒலிநாடாவிலும் இல்லாமற் போவது எது என்று சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். கத்தர் ஒரு பாடலைத் தொடங்கி முடிப்பவர் அல்லர். தொடங்குவார், நிறுத்துவார், பேசுவார், ஓர் ஊரின் பெயரைச் சொல்வார், ஒப்பாரிக்குள் நுழைவார், கூட்டத்தைப் பதில் சொல்ல வைப்பார், மீண்டும் மெட்டுக்கு வருவார். ஒக்கு கதையும் புர்ர கதையும் அறிந்த மக்களுக்கு இந்தப் போக்குவரத்து புதிதன்று; பதில் குரல் கொடுப்பதற்கு அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒலிநாடா இந்த இடைப்பேச்சைச் சுருக்கியது. பாட்டுப் புத்தகம் அதை முற்றிலும் விலக்கியது. திரைப்படம் அவர் உடலைச் சில நிமிடங்களுக்குள் அடக்கியது. யூடியூபில் இன்று கிடைக்கும் பதிவுகளில் ஒளிப்படக்கருவி மேடையை நோக்கியே நிற்கிறது. கூட்டத்தின் பக்கம் திரும்பும் கணங்கள் அரிது. ஆய்வாளரின் கண்ணும் அந்தக் கருவியின் கண்ணாகவே இருக்கிறது.

டப்புவை எடுத்துக்கொள்வோர் ஒரு செய்தியை மறக்கலாகாது. அது மாதிகர்களின் கருவி. சாவு வீட்டிலும் ஊர்ச்சாற்றிலும் அடிப்பதற்கென்று சாதி விதித்த கருவி. தமிழ் வாசகர்கள் பறையை நினைத்துக்கொண்டால் பொருள் விளங்கும். பறை அடிக்கமாட்டோம் என்று மறுத்ததும் போராட்டம், பின்னர் அதையே மேடைக்குக் கொண்டுவந்ததும் போராட்டம். அந்த டப்பு நிஜாம் கல்லூரி மைதானத்தில் லட்சம் பேர் முன்னிலையில் ஒலித்தபோது, மாதிகர் குடியிருப்பிலிருந்து லாரியில் வந்திருந்த ஓர் இளைஞனுக்கு என்ன நேர்ந்தது? நிமிர்ந்தானா, கூசினானா, அருகில் நின்ற வேறு சாதித் தோழனின் முகத்தைப் பார்த்தானா? அதே ஒலி ரெட்டி வீட்டு மாணவனுக்கு எப்படிக் கேட்டது? பாடல் வரிகளில் இதற்கு விடை இல்லை. கட்சியின் தீர்மானங்களில் நிச்சயமாக இல்லை.

1997க்குப் பிந்திய நிகழ்ச்சிகள் இன்னொரு வகை. முதுகில் குண்டோடு ஆடுகிற ஒரு மனிதரைக் கூட்டம் பார்த்தது. அந்தக் குண்டு அங்கே இருப்பது எல்லாருக்கும் தெரியும். அவர் குனிந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் பாடலோடு சேர்ந்து அதுவும் நிகழ்ச்சியின் பகுதியாயிற்று. நிகழ்த்துதல் கோட்பாட்டை அமெரிக்க நூல்களிலிருந்து மட்டும் மேற்கோள் காட்டுவோருக்கு இதனினும் கூர்மையான தரவு வேறு எங்கே கிடைக்கப் போகிறது?

இதற்கு மறுமொழியாகச் சொல்லப்படுவது ஒன்றே: நினைவு நம்பத்தக்கதன்று. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி முழுவதும் வாய்மொழி வரலாறு எதிர்கொண்டு கடந்த தடையை, 2020களில் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் சொல்கிறார்கள். இத்தாலியின் டெர்னி நகரில் லூயிஜி டிராஸ்டுல்லி என்ற உருக்காலைத் தொழிலாளி 1949இல் காவல்துறையால் கொல்லப்பட்டார். இத்தாலி நேட்டோவில் சேர்வதை எதிர்த்த ஊர்வலத்தில் அது நிகழ்ந்தது. ஆனால் அந்நகரத் தொழிலாளர்கள் பலர் அதை 1953இல், ஆலை பெருந்திரளாக ஆட்குறைப்புச் செய்தபோது நடந்த போராட்டத்தோடு இணைத்தே நினைவுகூர்ந்தார்கள். அலெஸாண்ட்ரோ போர்ட்டெல்லி இந்தப் பிழையை அழிக்கவில்லை. தோழனின் சாவு ஒரு பெரிய போராட்டத்துக்கு உரியதாக இருக்க வேண்டும் என்று ஒரு வர்க்கம் விரும்பியதை அந்தப் பிழையிலிருந்தே எடுத்துக் காட்டினார். நிஜாம் கல்லூரிக் கூட்டத்துக்கு வராத ஒருவர் வந்ததாகச் சொன்னால், அவர் ஏன் அப்படிச் சொல்கிறார், எந்த ஆண்டிலிருந்து சொல்லத் தொடங்கினார் என்பதும் வரலாறே. 1995இல் மறுத்து 2023இல் ஒப்புக்கொள்ளும் ஒருவரின் கதையில், அந்த இருபத்தெட்டு ஆண்டுகளின் அரசியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

முறை தெரியவில்லை என்று இந்நகரத்து ஆய்வாளர்கள் சொல்லவும் வழியில்லை. 1986இல் ஸ்த்ரீ சக்தி சங்கடனா என்ற பெண்கள் குழு இதே ஹைதராபாத்திலிருந்து ‘மனகு தெலியனி மன சரித்ர’ என்ற நூலைக் கொண்டுவந்தது. நமக்குத் தெரியாத நம் வரலாறு என்பது பொருள். தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் பங்கேற்ற பெண்களைத் தேடிச் சென்று, அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னவாறே பதிந்த நூல். 1989இல் ஆங்கிலத்திலும் வந்து, வாய்மொழி வரலாறு கற்பிக்கப்படும் வகுப்பறைகளில் இன்றும் படிக்கப்படுகிறது. கட்சி வரலாறுகளில் சோறாக்கியவர்களாகவும் செய்தி கொண்டுசென்றவர்களாகவும் ஒரு வரியில் முடிந்துபோன பெண்கள், அந்நூலில் போராட்டத்தின் கணக்கையே மாற்றி எழுதினார்கள். போராட்டம் 1951இல் முடிந்தது. நூல் வந்தது முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின். 1990ஆம் ஆண்டுக் கூட்டத்திலிருந்து எண்ணினால் அதே முப்பத்தைந்து ஆண்டுகள் 2025இல் நிறைந்துவிட்டன. அன்று நாற்பது வயதாயிருந்தவருக்கு எழுபத்தைந்து.

ஆய்வுலகம் காத்திருக்கும்போது அரசு காத்திருப்பதில்லை. கத்தரின் உடல் எல். பி. விளையாட்டரங்கில் வைக்கப்பட்டது, நிஜாம் கல்லூரி மைதானத்திலிருந்து அது நடந்துபோகும் தூரம். அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. எந்த அரசுகளின் காவல்துறை அவரைத் தேடியதோ, அவற்றை நடத்திய கட்சிகளின் தலைவர்களே வரிசையில் வந்து அஞ்சலி செலுத்தினார்கள். 2024 ஜனவரியில், நந்தி விருதுகளின் இடத்தில் கத்தர் பெயரில் திரைப்பட விருதுகள் வழங்கப்படும் என்று தெலங்கானா அரசு அறிவித்தது. 2025 ஜூனில் முதல் விழாவும் நடந்தது. ‘ஒரே ரிக்‌ஷா’ படப் பாடலுக்காகத் தமக்கு அளிக்கப்பட்ட நந்தி விருதை ஏற்க மறுத்தவர் கத்தர். மறுத்தவரின் பெயரையே விருதாக்குவதைவிட நேர்த்தியான விழுங்குதல் வேறில்லை. 2016இல், பங்க் இசைக்கு நாற்பதாண்டு நிறைவென்று லண்டன் விழா எடுத்தபோது, செக்ஸ் பிஸ்டல்ஸ் மேலாளர் மால்கம் மெக்லாரனின் மகன் ஜோ கோரே, ஐம்பது லட்சம் பவுண்டு மதிப்புள்ளவை என்று தாமே சொன்ன பங்க் நினைவுப்பொருள்களைத் தேம்ஸ் ஆற்றில் படகில் வைத்து எரித்தார். அது ஒரு பணக்கார மகனின் ஆரவாரம் என்று தள்ளிவிடலாம். ஹைதராபாத்தில் எரிப்பதற்குப் பொருள்களே இல்லை. நினைவுகள்தான் இருக்கின்றன, அவை தாமாகவே அவிந்துகொண்டிருக்கின்றன.

இயக்கத்தார் வைத்திருக்கும் நினைவும் இந்தக் குறையை நிரப்பாது. கூட்டம் என்பது அவர்களுக்கு எண்ணிக்கை. இரண்டு லட்சம், மூன்று லட்சம். பாட்டுக்காக மட்டும் வந்து பேச்சு தொடங்கியதும் எழுந்துபோனவன், பின்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்த பெண், காவலுக்கு நின்றபடியே தாளம் போட்ட காவலர், தலித் கேள்விகளுக்குத் தலைமை என்ன பதில் சொல்லும் என்று மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்த கலைஞர் ஆகியோருக்கு அந்த எண்ணிக்கையில் இடமில்லை. தனித் தெலங்கானா மேடைகளில் பாடிய பெல்லி லலிதா 1999 மே மாதம் கொல்லப்பட்டு, உடல் பதினேழு துண்டுகளாக வீசப்பட்டது. அந்தக் கொலை நினைவுகூரப்படுகிறது. அந்தக் குரல் எப்படி இருந்தது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் புவனகிரிச் சுற்றுவட்டார ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கப்படும் கேள்வி எப்போதும் கொலையைப் பற்றியதாகவே இருக்கிறது.

பதிவு செய்வதில் ஆபத்து உண்டு என்பது உண்மையான தடை, மற்றவை சாக்குகள். பாஸ்டன் கல்லூரி வட அயர்லாந்தின் முன்னாள் போராளிகளிடம், இறக்கும்வரை வெளியிடமாட்டோம் என்று உறுதியளித்துப் பெற்ற ஒலிப்பதிவுகளைப் பிரிட்டிஷ் காவல்துறை 2011 முதல் நீதிமன்றத்தின் வழியாகக் கோரிப் பெற்றது. பேராசிரியர்களின் வாக்குறுதி சட்டத்தின் முன் நிற்கவில்லை. இந்தியாவில் 2020 செப்டம்பரில் கபீர் கலா மஞ்சின் பாடகர்கள் எல்கார் பரிஷத் வழக்கில் கைதானார்கள்; பாடுவதே வழக்காகும் காலம் முடிந்துவிடவில்லை. ஆகவே பெயரின்றிப் பதிவது, குரலை மாற்றுவது, சொன்னவரே திரும்பப் பெறும் உரிமையை எழுத்தில் தருவது, சில செய்திகளைக் கேட்காமலே விடுவது என்பவை பற்றி நெறிமுறைக் குழுக்கள் பேச வேண்டும். அவையோ ஒப்புதல் படிவத்தின் எழுத்துருவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றன. அச்சத்தைக் காரணமாகக் காட்டிக் கேட்காமலே இருந்துவிட்டால், தடைச்சட்டம் செய்யாமல் விட்ட வேலையைப் பல்கலைக்கழகம் செய்து முடிக்கும்.

தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் இதை அண்டை வீட்டுச் செய்தியாகப் படிக்க வேண்டியதில்லை. 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் நிகழ்ச்சியை நடத்தியபோது ஆயிரக்கணக்கான கைப்பேசிகள் உயர்ந்திருந்தன. அதற்குக் காட்சி இருக்கிறது. கானாவும் ராப்பும் ஒரே மேடையில் ஒலித்ததைக் கேட்ட வடசென்னைக்காரரின் சொல் எவரிடமும் பெறப்படவில்லை என்றாலும், பெறுவதற்குக் காலம் இருக்கிறது. கே. ஏ. குணசேகரனின் நிலை அப்படியன்று. இன்குலாப்பின் ‘மனுசங்கடா’ பாடலை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்த அந்தக் குரல் 2016 ஜனவரியில் ஓய்ந்தது. எண்பதுகளில் அதைத் திடலில் நின்று கேட்டவர்கள் இன்று ஓய்வூதியம் வாங்குகிறார்கள். அவர்களிலும் சிலர் பேராசிரியர்களாகவே ஓய்வு பெற்றவர்கள். தேடுவதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

வாஷிங்டனின் ஃபுகாஸி குழு, தான் வாசித்த நிகழ்ச்சிகளில் எண்ணூறுக்கும் மேற்பட்டவற்றின் ஒலிப்பதிவுகளை 2011 முதல் இணையத்தில் வரிசைப்படுத்தி, ஒவ்வொரு நாளுக்கும் எதிரே வந்திருந்தவர்களின் குறிப்புகளுக்கும் இடம் விட்டிருக்கிறது. அதற்குப் பல்கலைக்கழக நல்கை எதுவும் தேவைப்படவில்லை. நிஜாம் கல்லூரியோ உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் கல்லூரி. அந்த மைதானம் பல்கலைக்கழகத்தின் சொத்து. 1990இல் அங்கே பணியாற்றிய தோட்டக்காரர்கள், காவலாளிகள், விடுதிச் சமையற்காரர்கள் ஆகியோரின் பெயர்கள் ஓய்வூதியப் பட்டியலில் இருக்க வேண்டும். கூட்டம் முடிந்த மறுநாள் காலை அந்த மைதானத்தைப் பெருக்கியவர்கள் யார் என்று கேட்டு, முதல் நேர்காணலை அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.